மெயின்டனன்ஸ் இன்ஜினியர்: வேலை என்ன, என்ன படிக்கலாம், எதுவரை போகலாம்?

நூற்பாலையில் நூல் அறுந்துகொண்டே இருக்காமல் ஓட, காற்றில் ஈரப்பதம் சரியாக இருக்க வேண்டும். அதற்கென்றே தனியாக ஓர் ஏற்பாடு உண்டு. மில்லில் அதை ‘எச் பிளான்ட்’ என்பார்கள். ஆள் உயரத்துக்கு இருக்கும் ஃபேன்கள் ராத்திரி பகலாக ஈரக்காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். டிப்ளமோ முடித்து நான் முதலில் சேர்ந்தது கொங்குப் பக்கத்து மில் ஒன்றில். அங்கே அப்படி ஒரு ஃபேனின் 15 எச்.பி. மோட்டாரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேரிங் போய்க்கொண்டிருந்தது.

“மறுபடியும் அதே ஃபேன்தானுங்க தம்பி” என்று ஃபிட்டர் வருவார். இரண்டு மணி நேரத்தில் பேரிங்கை மாற்றி ஓட்டிவிடுவார். சூப்பர்வைசர் தட்டிக்கொடுப்பார். மூன்றாவது முறை போனபோது, வாங்கிக் கொடுத்தவர்கள் டூப்ளிகேட் வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. கம்பெனியை மாற்றி வாங்கினார்கள், அதுவும் போனது. எலக்ட்ரீஷியன் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார், மூன்று ஃபேஸிலும் கரன்ட் அளந்தார். “மோட்டார்ல ஒண்ணுமில்லீங்க, இது மெக்கானிக்கல் சமாச்சாரம்” என்று கை கழுவிவிட்டார்.

அப்புறம் வேறு வேலையாக வந்த ஒரு சர்வீஸ் இன்ஜினியர், பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கழற்றின பேரிங் இருக்கா?” என்றார். ஸ்கிராப் தொட்டியைக் கிளறித் தேடி எடுத்து வந்தது நான்தான். 6309 நம்பர் பேரிங். (கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும், 45 மில்லிமீட்டர். இந்தச் சின்னக் கணக்கு வாழ்நாள் முழுக்க உதவும்.) கிரைண்டரில் வெளி வளையத்தை அறுத்துப் பிரித்தோம். கிரீஸ் கண்மை போலக் கறுத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பேரிங் உருண்டைகள் ஓடும் பாதையில் குறுக்கே வரி வரியாக, ஒரே இடைவெளியில், தகரக் கூரையைச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி கோடுகள்.

அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இந்த மோட்டாருக்கு எப்போ டிரைவ் போட்டீங்க?”

கரன்ட் பில்லைக் குறைக்க எட்டு மாதத்துக்கு முன்னால்தான் போட்டிருந்தார்கள். டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. வருகிற ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி, அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்பும். இந்த வெட்டலில் மோட்டாரின் ஷாஃப்டில் கொஞ்சம் வோல்டேஜ் சேர்ந்துகொள்ளும். பூமிக்குப் போக அதற்கு வேறு வழி இல்லையென்றால், பேரிங்கில் இருக்கும் மெல்லிய கிரீஸ் படலத்தைக் கிழித்துக்கொண்டு பொறியாகப் பாயும். ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி. லட்சக்கணக்கில் குழி விழுந்தால் மேலே சொன்ன வரிகள் வரும். ஷாஃப்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஓர் எர்த்திங் வளையம் மாட்டி, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் எர்த்தையும் சரிசெய்தோம். அந்த மில்லை விட்டு நான் வருகிறவரை அந்த பேரிங்கை யாரும் மாற்றவில்லை.

மெக்கானிக்கல் ஆள் பேரிங்கைப் பார்த்தார், எலக்ட்ரிக்கல் ஆள் மோட்டாரைப் பார்த்தார். பழுது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. மெயின்டனன்ஸ் பக்கம் போகலாமா, என்ன படிக்க வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பழுது பார்ப்பதும் பராமரிப்பதும்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மெயின்டனன்ஸ் என்றால் கெட்டுப்போனதைச் சரிசெய்வது. அது இந்த வேலையில் ஒரு பங்குதான். நின்ற பிறகு ஓடிப்போய்ச் சரிசெய்வதை பிரேக்டவுன் வேலை என்போம். பைக்குக்கு இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறோமே, அதுபோல நாள் குறித்து வைத்துச் செய்வது பி.எம்., அதாவது தடுப்புப் பராமரிப்பு. மூன்றாவது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அதிர்வு, சூடு, ஆயிலில் கலந்திருக்கும் இரும்புத்தூள் ஆகியவற்றைப் பார்த்து, எது எப்போது கெடப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது. ஸ்க்ரூடிரைவர் முனையை பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் பழைய ஃபிட்டர் செய்ததும் இதைத்தான். இன்று அதையே வைப்ரேஷன் மீட்டரும் தெர்மல் கேமராவும் கொண்டு செய்கிறோம்.

இதில் புதிதாக வருகிறவர்கள் விழும் ஒரு பள்ளம் உண்டு. நாள் தவறாமல் எல்லா பாகத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் மெஷின் கெடாது என்று நினைப்பது. 1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் என்ற இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஓர் அறிக்கை எழுதினார்கள். விமான பாகங்களை ஆராய்ந்ததில், வயதாக ஆகப் பழுதாகும் வாய்ப்பு தெளிவாக ஏறுகிற பாகங்கள் 11 சதவீதம்தான் என்று தெரிந்தது. மீதி 89 சதவீதத்துக்கு ‘இத்தனை மணி நேரத்தில் மாற்று’ என்ற விதியால் பெரிய பலன் இல்லை. அதைவிட முக்கியம், 68 சதவீதப் பாகங்களில் புதிதாக மாட்டிய சமயத்தில்தான் பழுது அதிகம். நன்றாக ஓடுகிற மெஷினைத் தேவையில்லாமல் பிரித்து மாட்டுவதும் ஒரு பழுதுக் காரணம்தான். தூசி உள்ளே போகும், போல்ட் ஒன்று தளர்வாக நிற்கும், பெல்ட்டை ஆர்வக்கோளாறில் இழுத்துக் கட்டிவிடுவோம். பால் பேரிங்கின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்குவது எவ்வளவு விலை பிடிக்கும் வேலை என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜப்பானியர்கள் இதற்கு இன்னொரு கதவைத் திறந்தார்கள். டி.பி.எம். (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) என்று நம் ஊர்க் கம்பெனிகளில் போர்டு எழுதி வைத்திருப்பார்களே, அது 1971-ல் நிப்பான்டென்சோ கம்பெனியில் உருப்பெற்றது. மெஷினைத் தினமும் தொடுகிற ஆபரேட்டரே அதைத் துடைத்து, ஆயில் விட்டு, போல்ட் இறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு தூண். சுத்தம் செய்வதே சோதனை செய்வது என்பார்கள். நமக்கு இது புதிதில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா மெஷினையும் துணி போட்டுத் துடைக்கும்போதுதான், எங்கே ஆயில் கசிகிறது, எந்த போல்ட்டைக் காணோம், எந்த வெல்டிங் விட்டிருக்கிறது என்று தெரியவரும். வருடத்துக்கு ஒருநாள் செய்வதை வாரத்துக்கு ஒருநாள் செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கணக்கில் தெரியாத ஒன்று

இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே மெஷின் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது எம்.டி.பி.எஃப். ஒரு பழுதைச் சரிசெய்யச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்பது எம்.டி.டி.ஆர். ஒரு மெஷின் மாதத்தில் 480 மணி நேரம் ஓடியது, நடுவில் 6 முறை நின்றது, சரிசெய்ய மொத்தம் 12 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 80 மணி, இரண்டாவது 2 மணி. 80-ஐ 82-ஆல் வகுத்தால் 97.6 சதவீதம். மெஷின் வேலைக்குத் தயாராக இருந்த நேரம் அது.

இப்போது இரண்டு இன்ஜினியர்கள். முதலாமவர் கெட்டிக்காரர், ஸ்பேரை மெஷின் பக்கத்திலேயே வைத்து, ஆட்களைப் பழக்கி, 2 மணி நேர வேலையை 1 மணி நேரத்தில் முடிக்கிறார். 80-ஐ 81-ஆல் வகுத்தால் 98.8. இரண்டாமவர் காரணத்தைத் தேடிப்போய், 6 பழுதை 3 ஆக்குகிறார். பழுதுக்கு 2 மணி நேரம் ஆவது ஆகட்டும். 160-ஐ 162-ஆல் வகுத்தால் அதே 98.8.

காகிதத்தில் இருவரும் சமம். ஆனால் இரண்டாமவரின் மெஷினில் பாதி ஸ்பேர்தான் செலவு. நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது வீணாகும் சரக்கும் பாதி. ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன் பாதி. மானேஜர் கைதட்டுவது பெரும்பாலும் முதலாமவருக்குத்தான், ஏனென்றால் அவர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. வராமல் போன பழுதை யாருக்கும் காட்ட முடியாது. அதனால் இரண்டாமவராக இருக்க விரும்புகிறவர், முன்னே இத்தனை, இப்போது இத்தனை என்று எழுதி வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும். எழுத்தில் இல்லாத வேலை சம்பள உயர்வு நேரத்தில் செய்யாத வேலை.

என்ன படிக்கலாம்

பத்தாவது முடித்து நேராக வருவதற்கு ஐ.டி.ஐ. நல்ல வாசல். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக் மெக்கானிக், மெஷின் டூல் மெயின்டனன்ஸ் மெக்கானிக் எல்லாம் இரண்டு வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, ரோபோ, சி.என்.சி. மெஷின் எல்லாம் வைத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் வருடம் சேரலாம். இந்த வழியில் ஏறி வந்தவர்களுக்கு ஒரு பலம் உண்டு. கையில் ஸ்பேனர் பிடித்த பிறகுதான் புத்தகத்தில் சூத்திரத்தைப் பார்த்திருப்பார்கள்.

பி.இ. முடித்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ். சூத்திரம் தெரியும், அலன் கீ சைஸ் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘நான் இன்ஜினியர், கிரீஸில் கை வைப்பதா’ என்று ஒதுங்கி நின்றால் ஆறு மாதத்தில் ஃபிட்டர்கள் நம்மைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். முதல் ஒரு வருடம் மூத்த ஃபிட்டர் ஒருவரின் பின்னாலேயே சுற்றுங்கள். ‘அண்ணே, இதை ஏன் இப்படிக் கழட்டுறீங்க?’ என்று கேட்டால் எந்த அண்ணனும் சொல்லித்தராமல் இருக்க மாட்டார்.

மெக்கானிக்கலா, எலக்ட்ரிக்கலா என்ற கேள்விக்கு என் பதில், எதைப் படித்தாலும் மற்றதைப் பாதியாவது கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க மெகாட்ரானிக்ஸ் என்று தனிப் படிப்பே இருக்கிறது. 1959-ல் தலச்சேரியில் தொடங்கிய என்.டி.டி.எஃப். போன்ற பயிற்சி நிறுவனங்களில் டிப்ளமோவாகவும், பொறியியல் கல்லூரிகளில் பி.இ.யாகவும் கிடைக்கிறது. அது அமையாவிட்டால், மெக்கானிக்கல் படித்தவர் சர்க்யூட் வரைபடம் படிக்கவும், மல்டிமீட்டர் பிடிக்கவும், மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யில் எந்த இன்புட் வரவில்லை என்று பார்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். எலக்ட்ரிக்கல் படித்தவர் அலைன்மென்ட், பேரிங், ஹைட்ராலிக் சர்க்யூட் மூன்றையும் தொட வேண்டும். ஒரு பி.எல்.சி. கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன், அங்கே நிஜமான சென்சாரும் சிலிண்டரும் இருக்கிறதா, கம்ப்யூட்டரில் சிமுலேஷன் மட்டும்தானா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

படித்து முடித்ததும் அப்ரண்டிஸ். 1961-ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி கம்பெனிகள் பயிற்சிக்கு ஆள் எடுக்கின்றன. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு ஒரு வருடம். இதைக் கவனிக்கும் தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. கையில் வருவது உதவித்தொகைதான், சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரிப்போர்ட் அடிக்கும் வேலையைவிட, பெரிய பிளான்ட்டில் ஒரு வருட அப்ரண்டிஸ் மேல் என்பேன்.

வேலைக்குப் போன பிறகு வாங்க வேண்டிய சில தாள்கள் இருக்கின்றன. எலக்ட்ரிக்கல் ஆட்களுக்குத் தமிழ்நாடு மின் உரிம வாரியம் தரும் சூப்பர்வைசர் சான்றிதழ், நம் ஆட்கள் ‘சி லைசென்ஸ்’ என்பார்களே, அது. பெரிய பாய்லர் உள்ள ஆலைகளில் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழுக்குத் தனி மதிப்பு. மின்சாரம் அதிகம் தின்னும் ஆலைகள் சான்றிதழ் பெற்ற எனர்ஜி மானேஜர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கான தேர்வை பி.இ.இ. என்ற மத்திய அமைப்பு நடத்துகிறது. மானேஜருக்கு மூன்று தாள், ஆடிட்டருக்கு நான்கு. அதிர்வு ஆய்வுக்கு ஐ.எஸ்.ஓ. 18436 தரத்தில் நான்கு படிகள் உண்டு. முதல் இரண்டு படி முடித்தாலே கதவுகள் திறக்கும். இவை எதையும் வேலைக்குச் சேரும் முன்பே வாங்க அலைய வேண்டாம். கொஞ்சம் அனுபவம் இருந்தால்தான் பாதிக்கு மேல் புரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மெயின் ஸ்விட்சை அணைத்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்த பிறகுதான் மெஷினுக்குள் கை போக வேண்டும். ‘நான்தான் ஆஃப் பண்ணிட்டேனே’ என்று யார் சொன்னாலும் சரி. டிரைவ் பேனலில் பவரை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அதைப் படித்து, காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வேலை எங்கே, வளர்ச்சி எப்படி

மெஷின் ஓடுகிற இடமெல்லாம் வேலைதான். கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் நூற்பாலைகள். ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூரில் கார், பைக், எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள். முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள். காற்றாலை வேலையின் ருசியே தனி. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்று அடிக்கும்போது ஒரு நாள் நின்றாலும் நஷ்டம், அதனால் பெரிய வேலைகளையெல்லாம் காற்றில்லாத மாதங்களில் முடித்துவிட வேண்டும். உயரம் ஏறப் பயமில்லாதவர்களுக்கு ஏற்றது. ஜி.டபிள்யூ.ஓ. என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக் காற்றாலைகளுக்கும் போகலாம். மருத்துவமனைக் கருவிகள், விமானம் இரண்டும் இதே குடும்பம்தான், ஆனால் படிப்பும் உரிமமும் வேறு, அவற்றுக்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும்.

ஒரே ஆலையில் இருந்தால் ஷிப்ட் இன்ஜினியர், அசிஸ்டென்ட் மானேஜர், மானேஜர், பிளான்ட் ஹெட் என்று படி ஏறுவது ஒரு வழி. மெதுவான வழி. மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராவது இன்னொன்று. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், கல்யாணமான பிறகு வீட்டில் சண்டை வரும். ஆனால் ஓர் ஆலையில் பத்து வருடத்தில் பார்க்கும் பழுதுகளை இரண்டு மூன்று வருடத்திலேயே பார்த்துவிடலாம். எங்கள் மில்லில் அந்த பேரிங்கை அறுத்துக் காட்டியவர் இப்படி ஐம்பது ஆலைகளைப் பார்த்தவர். இருபத்தைந்து வயதில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். வளைகுடா நாட்டு ரிஃபைனரிகளில் வருடாந்திர ஷட்டவுன் வேலைக்குக் குறுகிய கால ஒப்பந்தத்தில் போகிறவர்களும் உண்டு. காசு நன்றாக வரும், ஆனால் பல நேரம் ஒரே மாதிரி வேலையைத்தான் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

கசப்பையும் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் லீவு விட்டால்தான் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால்தான் நமக்குப் பெரிய வேலை. தீபாவளி, பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போகாத வருடங்கள் வரும். லைன் நின்றால் எல்லோரும் நம்மைச் சுற்றி நின்று ‘எப்ப ஆகும்?’ என்று கேட்பார்கள். அந்த நெருக்கடியில் கை நடுங்காமல் ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பொறுமை சிலருக்கு இயல்பாகவே இருக்கும், சிலருக்குப் பழகித்தான் வரும்.

இன்டர்வியூவுக்குப் போகிறீர்களா? “மோட்டார் சூடாகிறது, என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார்கள். புதியவர்களில் பாதிப்பேர் ‘ரீவைண்டிங்குக்கு அனுப்புவேன்’, அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்ற அனுப்புவேன் என்கிறார்கள். அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். எப்போதிலிருந்து சூடாகிறது, அதற்கு முன்னால் எதையாவது மாற்றினார்களா, மூன்று ஃபேஸிலும் கரன்ட் சமமா, பாரம் கூடியிருக்கிறதா, டிரைவ் போட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறார்களா என்று திருப்பிக் கேளுங்கள். வேகம் குறைந்தால் மோட்டாரின் பின்பக்கம் அதே ஷாஃப்டில் இருக்கும் குளிரூட்டும் ஃபேனும் மெதுவாகத்தானே சுற்றும். கேட்பவர் நூற்பாலைக்காரர் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: “முதலில் ஃபேன் கவரில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன், சார்.”